வாய் திறந்தவர்களின் தேர்தல்

ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் சிப்பிகளின் நாடு ஒன்று இருந்தது. ஆண்டது மட்டும் நண்டுகள். மேட்டுக்கரைச் செம்புப் பட்டறையின் கழிவை நாட்டுக்குள் விட ஒரு குழாய்க்கு நண்டு மன்னர் அனுமதி கொடுத்தார். அதன்பின் சிப்பிகளின் முட்டைகள் பொரியவில்லை. தப்பிப் பொரிந்த குஞ்சுகளும் ஓடு கட்டுவதற்குள் செத்தன.

அரசு சும்மா இருக்கவில்லை. அந்தத் தண்ணீரைச் செம்புத் தீர்த்தம் என்றே அழைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்படி அழைத்தும் குஞ்சுகள் செத்தபோது, தாய்மாரின் பொறுப்பின்மையே காரணம் என்று கண்டறிந்து, குஞ்சு இழந்த வீடுகளுக்குப் பாசிப் பங்கீட்டைப் பாதியாக்கியது.

உப்பாச்சி என்ற சிப்பி இரண்டு ஈற்றுகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவது வயிற்றில் இருந்தது. குழாயை மூட வைக்க அவள் தேர்தலை நம்பியிருந்தாள்.

அந்நாட்டுத் தேர்தல் மிக எளிது. மன்னரை ஆதரிப்பவர் வாயை மூடியிருந்தால் போதும். எதிர்ப்பவர் திறக்க வேண்டும். தேர்தலன்று குழாயை முழுதாகத் திறந்துவிடுவது மரபு. நஞ்சுக்குப் பயந்து எல்லாரும் வாயை இறுக்கிக்கொள்ள, மன்னர் ஒருமனதாக வென்றுவந்தார். இந்தத் தேர்தலன்றும் குழாய் திறந்தது.

"தொறக்காதக்கா, வயித்துல இருக்கு," என்றாள் பக்கத்தில் இருந்த செவந்தி.

"ரெண்டு தடவையும் மூடிக்கிட்டுத்தானே கெடந்தேன்? இது போனாலும் போவட்டும். அடுத்ததாவது நெலைக்கணும்."

உப்பாச்சி திறந்தாள். உள்ளெல்லாம் காந்தியது. அவள் மூடவில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல் செவந்தியும் திறந்தாள். மெல்ல மெல்லப் படுகை முழுவதும் திறந்துகொண்டது.

தேர்தல் மந்திரி பக்கவாட்டில் நடந்துவந்து கொடுக்கை உயர்த்தினார்.

"வாய் பிளந்த சிப்பி இறந்த சிப்பி என்பது இயற்கையின் விதி. இறந்தோருக்கு வாக்குரிமை இல்லை. எனவே எதிர்ப்பு வாக்கு எதுவும் பதிவாகவில்லை. மன்னர் ஒருமனதாகத் தேர்வானார். இறந்தோருக்கு அரசின் ஆழ்ந்த இரங்கல்."

உப்பாச்சிக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"ஏன் மந்திரி ஐயா, செத்தவங்க மேல வழக்குப் போடுவீங்களா?"

"சட்டத்தில் இடமில்லை."

"செறையில வைப்பீங்களா?"

"இறந்தவர்களை எப்படியம்மா சிறையில் வைப்பது?" மந்திரி சலித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

அன்று கடல் ஏற்றத்தில் தண்ணீர் உயர்ந்ததும் உப்பாச்சி குழாய்க்குள் ஊர்ந்துபோய்த் தன் உடலில் சுரக்கும் ஒட்டுநாரால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள்மேல் செவந்தி ஒட்டினாள். பின்னாலேயே படுகை முழுவதும் வந்து ஒட்டியது. கழிவு நூலாக மெலிந்து நின்றுபோனது. மேட்டுக்கரையில் பட்டறை முற்றம் கழிவால் நிரம்பி, பக்கத்திலிருந்த அரண்மனைக் குளத்துக்குள் வழியத் தொடங்கியது.

மந்திரி ஓடிவந்தார். சிப்பிகளைக் கைது செய்யலாம்; அதற்கு அவை உயிரோடிருப்பதாக அறிவிக்க வேண்டும். அறிவித்தால் மன்னர் தோற்றுவிட்டார் என்றாகும்.

"எழுந்து வாருங்கள்," என்று அவர் குழாய்க்குள் பார்த்துக் கெஞ்சினார்.

காலஞ்சென்ற குடிமக்கள் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டார்கள்.