நிலநடுக்கத்துக்கு மார்க் போடுகிறவர்

நிலம் ஆடும்போது நீங்களும் நானும் என்ன செய்வோம்? “ஐயையோ!” என்று கத்திக்கொண்டு, காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் வாசலுக்கு ஓடுவோம். ஜப்பானில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார், ஓடமாட்டார். உட்கார்ந்த இடத்திலேயே முதுகை நிமிர்த்துவார், கண்ணை மூடுவார், தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், ஒரு கையைத் தூக்கி வீட்டிலிருக்கிற எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்வார். ஆட்டம் அடங்கியதும் கண்ணைத் திறந்து, “மூணு” என்பார். இவர்தான் மார்க்குக்காரர். இந்த இனத்துக்கு அழிவே கிடையாது.

அந்த ஊரில் ஆட்டத்துக்குப் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை அளவு. ஒன்று என்றால், உட்கார்ந்திருப்பவனுக்கு லேசாகச் சந்தேகம் வரும். மூன்று என்றால் பாத்திரங்கள் பேச ஆரம்பிக்கும். ஏழு என்றால் அதைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது. இந்த எண்ணை, டிவியில் வருவதற்கு முன்னால், உட்காரும் இடத்தாலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் மார்க்குக்காரரின் பிறவிப்பயன். போனில் அலறுகிற முன்னெச்சரிக்கை மணி அவருக்கு ஆகவே ஆகாது. பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளைக் காட்டுகிற மாதிரி என்று சொல்லி அதை அணைத்தே வைத்துவிடுவார்.

ஷிஸுவோகா கடற்கரையில், மீன் துறைமுகத்துக்குப் பின் தெருவிலிருக்கிற ஹிரானுமா தெருஹிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். மீன்கேக் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர்தான், சொல்லக்கூடாது. முதலில் கீழிருந்து ஒரு குத்து வரும், பிறகு பக்கவாட்டில் ஆட்டம் வரும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று எண்ணி எட்டால் பெருக்கினால், ஆட்டம் கிளம்பிய இடம் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரிந்துவிடும். அந்த விநாடிகளில் அவர் மனைவி ஃபுமியே மூச்சுவிட்டால்கூடக் குற்றம்.

“என்னங்க, அடுப்பு எரியுது!”

“ஷ்ஷ்! எண்ணிக்கிட்டிருக்கேன்ல?”

எண் சரியாக இருந்தால், அன்று முழுக்க முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை. தப்பாக இருந்தால்? தப்பாக இருக்கவே முடியாதே! “டவுன் ஹால் மீட்டர் பாறை மேல உக்காந்திருக்கு. நம்ம தெரு வண்டல் மண்ணு. மண்ணு பாறையை விட ஜாஸ்தியாத்தான் ஆடும். நம்ம வீட்டைப் பொறுத்தவரைக்கும் அது மூணுதான்” என்பார். மீட்டரே வந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, ஆட்டமில்லாத நாட்களில் என்ன செய்வார்? விளக்கம் சொல்வார். விருந்தாளி தெரியாத்தனமாக, “ஏன் நம்ம நாட்டுக்கு மட்டும் இந்தப் பாடு?” என்று பெருமூச்சு விட்டுவிட்டால் போச்சு. டீக்கு வைத்த அரிசி முறுக்கு நாலும் மேஜை நடுவில் விளிம்போடு விளிம்பாகச் சேர்க்கப்படும். “இதான் பூமியோட மேலோடு. துண்டு துண்டா மிதந்து நகருது. சில நாட்டுக்காரன் கொடுத்து வச்சவன், துண்டு நடுவுல உக்காந்திருக்கான். நாம எங்க வீடு கட்டியிருக்கோம்? நாலும் முட்டிக்கிற முக்குல!” ஒரு முறுக்கு இன்னொன்றின் அடியில் நெட்டித் தள்ளப்படும், அது படக்கென்று விட்டுக்கொள்வதுதான் ஆட்டம். அடியில் போன துண்டு ஈரத்தோடு போகிறது, அந்த ஈரம் ஆழத்துப் பாறையை உருக்குகிறது, உருகியது மேலே வருகிறது, அதுதான் எரிமலை என்று சொல்லி, குளியலறை ஜன்னல் வழியே தெரிகிற ஃபூஜி மலையை, சொந்தத் தம்பியைக் காட்டுவதுபோல் காட்டுவார். விருந்தாளிக்கு முறுக்கு கிடைக்காது.

தெருச் சங்கத்தின் பூகம்ப ஒத்திகை நாளன்று மைக் அவர் கையில்தான். “ஒரே அளவு ஆட்டம்தாங்க. ஒரு நாட்டுல விளக்கு ஆடுது, இன்னொரு நாட்டுல ஊரே விழுது. ஏன்? நிலம் மட்டும் காரணமில்ல. முன்கூட்டியே யார் என்ன பண்ணி வச்சாங்கங்கிறதுதான் கணக்கு. உங்க வீட்ல கட்டாம நிக்கிற சாமான் இருக்கா? இன்னிக்கே கட்டுங்க!” ஜனங்கள் கை தட்டுவார்கள். ஃபுமியே மட்டும் தட்டமாட்டாள்.

ஏன் தட்ட வேண்டும்? அவர்கள் வீட்டு உள்ளறையில், ஃபுமியேயின் கல்யாணத்தோடு வந்த ஆளுயர மர அலமாரி, அதன் தலைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை, இரண்டும் சுவரைத் தொடாமல் சுதந்திரமாக நின்றுகொண்டிருக்கின்றன. அவள் கேட்டது என்னவோ இரண்டு இரும்புப் பட்டையும் நாலு ஸ்க்ரூவும்தான்.

“கண்ட இடத்துல ஸ்க்ரூ அடிக்க முடியுமா? ஆட்டம் வடக்கு தெக்கா வருமா, கிழக்கு மேற்கா வருமான்னு முதல்ல முடிவு பண்ணணும். அதுக்கு இன்னும் கொஞ்சம் ஆட்டம் பாக்கணும்.”

“பாருங்க, பாருங்க. அது விழுந்தப்புறம் திசை நல்லாத் தெரியும்” என்பாள் ஃபுமியே.

இந்த லட்சணத்தில் மகள் யுகாரி உண்டானாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்பது நம்முடைய வழக்கம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அங்கேயும் அதேதான். ஹிரானுமாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பேரக்குழந்தை! பிறந்து ஒரு மாதம் தன் வீட்டில், தன் மடியில்! ஆனால் யுகாரிக்குக் கொடுக்க இருந்த ஒரே அறை அந்த அலமாரி நிற்கிற அறை. அவள் நகோயாவிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“அப்பா, அலமாரியைக் கட்டுனாத்தான் வருவேன். இல்லேன்னா என் புகுந்த வீடு, ஒகயாமா. அத்தை கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. மாமா சொல்றாரு, அவங்க ஊர்ல பூகம்பமே கிடையாதாம்.”

ஒகயாமா! ஹிரானுமாவுக்கு வந்ததே கோபம். பூகம்பம் பிறக்கிற கடல் பள்ளத்திலிருந்து விலகி, வெயிலும் பீச் பழமுமாகச் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிற ஊர். “சம்பந்திக்கு ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த மனுஷன் கையில என் பேரனா?” என்று கொதித்தார். கொதித்தாரே தவிர, கடைக்குப் போய் ஸ்க்ரூ வாங்கினாரா? இல்லை.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யுகாரி நேரிலேயே பார்த்து முடிவு செய்யலாமென்று வயிற்றைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தாள். உள்ளறையைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“அடுத்த வாரம் கண்டிப்பா கட்டிடறேம்மா. நீ கொஞ்சம் படு. அலைச்சல்” என்றார்.

களைப்பு யாரை விட்டது? அவள் அந்த அலமாரிக்குப் பக்கத்திலேயே பாயின்மேல் மெத்தையை விரித்துப் படுத்துவிட்டாள். ஃபுமியே சமையலறையில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். ஹிரானுமா வாசல் அறையில் டிவிக்கு முன்னால். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு குரிதா தன் பைன் மரத்துக்குக் கிராப் வெட்டிக்கொண்டிருந்தார். குரிதாவும் மார்க்குக்காரர்தான், போட்டி மார்க்குக்காரர். கடைசி இரண்டு ஆட்டத்திலும் குரிதா சொன்னதே டிவியில் வந்தது. மூன்றாவதும் அவர் சொன்னபடி வந்துவிட்டால், ஒத்திகை மைக் மதில் தாண்டிப் போய்விடும் என்று தெருவில் பேச்சு.

வந்தது. கீழிருந்து ஒரு குத்து.

ஹிரானுமா முதுகை நிமிர்த்தினார். கண்ணை மூடினார். கை உயர்ந்தது. பக்கவாட்டில் ஆட்டம் வந்தது. மோர்க் குடத்தை உலுக்குகிற மாதிரி வீட்டை ஓர் உலுக்கு. ஜன்னல் கண்ணாடி கடகடவென்றது, விளக்குக் கயிறு வட்டம் போட்டது, எங்கோ ஏதோ விழுந்து நொறுங்கியது. அவர் அசையவில்லை. ஆட்டம் அடங்கியது.

“மூணு!” என்றது மதிலுக்கு அந்தப் பக்கம்.

“நாலு!” என்றார் ஹிரானுமா.

“மூணுதான் ஹிரானுமா-சான்! ஏணி மேல நிக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“ஏணி மேல நின்னா எப்படித் தெரியும்? தரையில உக்காரணும்!”

டிவியில் ஒரு அம்மாள் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். மணி ஒலித்தது. திரையின் உச்சியில் எழுத்து ஓட ஆரம்பித்தது. முதலில் கடலோர ஊர்களின் பெயர். பிறகு மலையோர ஊர்கள். மூன்று, மூன்று, மூன்று. ஹிரானுமா டிவிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். குரிதா ஏணியிலிருந்து இறங்கி மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். எழுத்து மாறியது. நாலு வாங்கிய ஊர்கள். ஒன்று, இரண்டு, அதோ, அவர்கள் ஊர்!

நாலு!

ஹிரானுமா எழுந்தே நின்றுவிட்டார். குரிதா மதிலுக்கு மேலேயே குனிந்து வணங்கி, “தோத்துட்டேன், ஒத்துக்கறேன்” என்றார். எப்பேர்ப்பட்ட வெற்றி! யாரிடமாவது சொல்ல வேண்டாமா? “ஃபுமியே! நாலுன்னு சொன்னேன் பாத்தியா!” என்று திரும்பினார்.

ஃபுமியே கொல்லைப்பக்கக் கதவில் நின்றிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து, கையில் இன்னும் கரண்டி, மூச்சு இரைக்க.

“பொண்ணு எங்கேன்னு கேட்டீங்களா?”

ஹிரானுமா உள்ளறைக்கு ஓடினார். அலமாரி சுவரை விட்டு ஒரு முழம் நகர்ந்து, ஒரு காலைப் பாயில் அழுத்திச் சாய்ந்து நின்றது. பொம்மைப் பெட்டி நொறுங்கிக் கிடந்தது. எங்கே? தலையணைமேல். யுகாரியின் தலை இருந்த இடத்தில்.

முதல் குத்திலேயே ஃபுமியே ஓடிவந்து, மகளை மெத்தையோடு சேர்த்துத் தோட்டத்துப் பக்கம் இழுத்துவிட்டாள்; தலையணை மட்டும் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது. யுகாரி தக்காளிச் செடிகளுக்கு நடுவில், காலில் அம்மாவின் ரப்பர் செருப்போடு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, ஒண்ணும் ஆகல. நான் நாளைக்கே ஒகயாமா வந்துடறேன்.”

“யுகாரிம்மா, இப்பவே போய் ஸ்க்ரூ வாங்கிட்டு வரேன்...” என்றார் ஹிரானுமா.

“நாலா, அப்பா?” என்று கேட்டாள். கோபமில்லை, அழவுமில்லை. அதுதான் அவரைக் கொன்றுவிட்டது.

பேத்தி ஒகயாமாவில் பிறந்தாள். பேர் வைத்த விருந்துக்கு ஹிரானுமா போனபோது சம்பந்தி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “எங்க ஊர் நிலம் அசையாதுங்க” என்று சொல்லி, அவருக்குப் பீச் பழம் நறுக்கிக் கொடுக்கச் சொன்னார். ஹிரானுமா தலையை ஆட்டிக்கொண்டே பழத்தைத் தின்றார். குழந்தை அவரிடம் வந்ததும் வீறிட்டது. திரும்பச் சம்பந்தியிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. ரயிலில் வரும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

நன்றாக வேண்டும் என்று தலையாட்டுகிறீர்கள், தெரிகிறது. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெண் எட்டு மாதத்து வயிற்றோடு அலமாரிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தானே வீட்டை ஆட்டினேன்? எங்கோ ஏதோ விழுந்து நொறுங்கியது என்றும் சொன்னேனே! நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வாசல் அறையில், ஹிரானுமாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூன்றா நாலா என்று டிவியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?