பயனாளியின் அளவு

பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் பிள்ளைக்குப் படுக்க ஓர் இடம் வேண்டும் என்பதை அரசாங்கம்கூட இதுவரை மறுத்ததில்லை. அதற்கு எவ்வளவு செலவழிப்பது என்பதில்தான் உதயரூபனின் வீட்டில் காரியம் தடைப்பட்டு நின்றது.

உதயரூபன் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓர் அலுவலகத்தின் பெறுகைப் பிரிவுக்குப் பொறுப்பாளர். பெறுகை என்றால் வேறொன்றுமில்லை, சாமான் வாங்குவதுதான். ஆனால் சாமான் வாங்குவது என்று சொன்னால், அதற்கு எதற்கு ஒரு பிரிவும் ஒரு பொறுப்பாளரும் குளிரூட்டிய அறையும் என்று சனம் கேட்டுவிடும். அவர் கையெழுத்து இல்லாமல் அந்த அலுவலகத்துக்குள் கூட்டுகிற தும்புத்தடிகூட வராது.

வீட்டில் நிலைமை வேறு. வீடு மனைவி ஆர்த்திகாவுக்குச் சீதனமாக வந்தது. வீட்டோடு மாமியார் ஞானமணியும் வந்தார். மின்விசிறி எங்கே தொங்கவேண்டும் என்பது முதல் குழம்புக்கு எவ்வளவு புளி என்பது வரை தாயும் மகளும் பேசி முடித்த பிறகுதான் உதயரூபனுக்குத் தகவல் கிடைக்கும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் எடுத்த முடிவு என்று ஒன்றுமே இல்லை. வெளியில் சொல்லமாட்டார், ஆனால் அது அவருக்கு உள்ளூர வலித்தது.

ஆகவே ஏழாம் மாதத்தில் ஒருநாள் ஆர்த்திகா, "இஞ்ச பாருங்க, தொட்டில் விசயத்த நீங்களே பாத்து முடிங்க, எனக்குத் தலை சுத்துது" என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தகப்பன் என்ற பதவிக்குக் கிடைத்த நியமனமாகவே அதை அவர் ஏற்றுக்கொண்டார். இதை மட்டும் ஒழுங்காக முடித்துக் காட்டிவிட்டால் அந்த வீட்டில் தானும் ஓர் ஆள்தான்.

தொட்டில் எப்படி இருக்கவேண்டும் என்பதில் ஆர்த்திகாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கைத்தொலைபேசியில் படம் இருந்தது. வெள்ளைச் சுவர், சுவரில் முகில், நடுவில் நாலுபக்கமும் மரக்கம்பி அடித்த வெள்ளைத் தொட்டில், அதன் தலைமாட்டில் ஓர் ஒட்டகச்சிவிங்கி. அந்த ஊரில் ஒட்டகச்சிவிங்கியை நேரில் கண்டவர் எவருமில்லை. இருந்தாலும் அது இல்லாமல் இந்தக் காலத்துப் பிள்ளை வளராது என்று எல்லாப் படங்களும் சொல்லின.

காசுக்கும் குறைவில்லை. சுவிஸிலிருந்து ஆர்த்திகாவின் தம்பி பிரதீஸ் அழைத்தான். "மச்சான், காசப் பத்தி யோசிக்காதிங்க. மூண்டு லட்சம் போட்டிருக்கன். நல்லதாச் செய்ங்க. முடிஞ்ச உடன போட்டோ அனுப்புங்க."

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. பட்டணத்துக் கடைகளில் அப்படியான தொட்டில் அறுபதாயிரத்துக்கு மேல் இல்லை. வேறு யாராவது என்றால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், அல்லது பேசாமல் வைத்திருப்பார்கள். உதயரூபன் முறை தெரிந்தவர். ஒதுக்கிய நிதியில் மிச்சம் வந்தால், தேவை இல்லாமல் கேட்டோம் என்று ஆகும். அடுத்த முறை ஒதுக்கீடு குறையும். ஆகவே தொட்டிலுக்கு எவ்வளவு செலவாகும் என்று பார்ப்பது தவறு, எவ்வளவு செலவழிக்கவேண்டுமோ அவ்வளவுக்குத் தொட்டில் செய்வதே சரி. இந்த முடிவுக்கு வந்த அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மாமியார் வேறொரு முடிவோடு இருந்தார்.

"மருமகன், பிறக்காத பிள்ளைக்குச் சாமான் வாங்கப்படாது. அளவு பாக்கப்படாது. பிள்ளைக்கெண்டு வாயால சொல்லவும்படாது. கண்ணூறு நாவூறு பட்டிரும்."

"அப்ப பிள்ளை வந்தா எங்க மாமி படுக்கும்?"

"ஏணையில. என்ர சீலை கிடக்கு, கூரை வளையில கட்டினாச் சரி. நீங்க மட்டும் என்ன, கட்டில்லயா பிறந்த நீங்க?"

"அம்மா, ஆசுபத்திரியால வரக்குள்ள அறை சரியா இரிக்கணும்" என்றாள் ஆர்த்திகா. "பிரதீஸ் படம் கேப்பான்."

இரண்டு மேலதிகாரிகள் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவது வழி காண்பவரே நல்ல உத்தியோகத்தர். உதயரூபன் கண்டார். தொட்டில் வாங்கப்படும், ஆனால் யாருக்கென்று சொல்லப்படாது. அலுவலகத்தில் பாதிச் சாமான்கள் அப்படித்தான் வாங்கப்படுகின்றன.

முதலில் பட்டணத்துக் கடை ஒன்றுக்குப் போனார். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே, "பிள்ளைக்கு எத்தின மாசம் சேர்?" என்று கேட்டாள். உதயரூபன் உடனே வெளியே வந்துவிட்டார். அடுத்த கடையிலும் அதே கேள்வி. ஊரில் ஒருவருக்கும் இரகசியம் காக்கத் தெரியவில்லை என்று சலித்துக்கொண்டு, கரடியனாற்றில் மரவேலை செய்யும் கந்தப்போடி ஓடாவியிடம் போனார். கந்தப்போடி பல வருடமாக அலுவலகத்துக்கு மேசை கதிரை செய்து கொடுப்பவர்.

ஓடாவி கைத்தொலைபேசிப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"செய்யலாம் சேர். ஆருக்கு?"

"அத விடுங்க."

"ஆருக்கெண்டு தெரியாம நீளம் போடேலாதே."

உதயரூபனுக்கு மாமியாரின் முகம் ஞாபகம் வந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளையின் ஞாபகமும் வந்தது. நாவூறில் அவருக்கு நம்பிக்கை இல்லைதான், ஆனால் சொந்தப் பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்க யாருக்கு மனம் வரும்?

"எனக்குத்தான் எண்டு வைங்களன்" என்றார்.

கந்தப்போடி அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். மரம் வாங்கும்போது பார்ப்பதுபோலப் பார்த்தார். விளங்கிக்கொண்டார் என்று உதயரூபன் நினைத்தார்.

"காசு, சேர்?"

"மூண்டு லட்சம். முழுசுக்கும் செய்ங்க, மிச்சம் வரப்படாது."

"அப்ப முதிரை மரத்தில போடுவம்" என்றார் ஓடாவி.

பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் ஆசுபத்திரியிலிருந்து வந்த அன்றே பட்டா லொறியில் தொட்டிலும் வந்தது. ஓடாவியும் ஆட்களும் துண்டு துண்டாக இறக்கி அறைக்குள் பொருத்திப் பூட்டினார்கள். பூட்டி முடித்த பிறகு அறையில் ஆள் நிற்க இடம் இருக்கவில்லை. ஆறரை அடி நீளம், நெஞ்சளவு உயரத்துக்கு வெள்ளை மரக்கம்பி, ஒரு பக்கம் கம்பிக் கதவு, கதவின் வெளிப்பக்கம் அடியில் பித்தளைக் கொளுக்கி, தலைமாட்டில் கன்றுக்குட்டி அளவில் ஓர் ஒட்டகச்சிவிங்கி.

ஞானமணி வாசலில் நின்றபடியே பார்த்தார். "மருமகன், இது மாட்டுக்கா?"

உதயரூபன் ஒட்டகச்சிவிங்கியைத் தொட்டுப் பார்த்தார். ஓடாவி பக்கம் திரும்பினார். "என்ன கந்தப்போடியார் இது?"

"நீங்க சொன்ன அளவுதான் சேர். உங்களுக்கெண்டுதானே சொன்ன நீங்க?"

"படத்தப் பாத்தா விளங்காதா? கொஞ்சம் யோசிக்க மாட்டீங்களா?"

கந்தப்போடி கோபப்படவில்லை. "முந்தி யோசிச்சனான் சேர். ஒருக்கா உங்கட ஒப்பீசுக்கு மேசை செய்யக்குள்ள, தாள்ல மூண்டு கால் எண்டு கிடந்திச்சு. பிழையா எழுதிட்டாங்க எண்டு யோசிச்சு நாலு கால் போட்டன். கூடுதல் கால் ஒண்டுக்கு அனுமதி இல்லையெண்டு பில்ல ஒரு வருசம் மறிச்சுப் போட்டாங்க. அதுக்குப் பிறகு நான் யோசிக்கிறல்ல."

அந்தப் பில்லை மறித்தது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பிள்ளை மாமியாரின் சீலை ஏணையில் அமைதியாகத் தூங்கியது. உதயரூபன் யார் முகத்தையும் பார்க்காமல் திரிந்தார். அந்த வீட்டில் அவரை நம்பி ஒப்படைத்த ஒரே ஒரு காரியம் இப்படிப் போயிற்றே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறு போக்கிடம் இல்லாமல், அந்தத் தொட்டிலுக்குள் ஏறிப் படுத்தார். தலையும் இடிக்கவில்லை, காலும் இடிக்கவில்லை. அவ்வளவு பொருத்தமான ஒரு சாமானை அவர் தன் சேவைக்காலத்தில் பெற்றதே இல்லை. அப்படியே தூங்கிவிட்டார். அறை கூட்ட வந்த ஞானமணி, திறந்து கிடந்த தொட்டில் கதவைப் பழக்கதோசத்தில் சாத்திக் கொளுக்கியைப் போட்டுவிட்டுப் போனார்.

பிள்ளை வீரிட்டபோது அவர் துள்ளி எழும்பினார். கொளுக்கி வெளியில். கை எட்டவில்லை.

"மாமி, திறந்து விடுங்க. பிள்ளை அழுறா."

"ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க, வாறன்" என்றார் ஞானமணி, குசினியிலிருந்து.

ஆர்த்திகா வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற புருசனைப் பார்த்துச் சிரிப்பை அடக்கமுடியாமல் ஒரு படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். பிரதீஸ் அதை முகநூலில் போட்டான், கீழே 'தகப்பனுக்கும் தொட்டில்: பிள்ளையோடு பிணைப்பை வளர்க்கும் புதிய முறை' என்று எழுதினான். அவன் பகிடிக்குத்தான் எழுதினான். ஆனால் பின்னேரத்துக்குள் படம் கனடா வரை போய், மறுபடி கல்லடிப் பாலம் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் ஏணைப் பக்கம் ஒருதரம் எட்டிப்பார்த்துவிட்டு, நேரே அறைக்குள் போய்க் கம்பியைத் தட்டிப் பார்த்து விலை கேட்டார்கள். பெண்கள் முக்கியமாகக் கொளுக்கியைக் கவனித்தார்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பணிப்பாளர் நல்லரத்தினம் கூப்பிட்டபோது, விசாரணை என்றே நினைத்து உதயரூபன் போனார். பணிப்பாளர் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"உங்கட படத்தப் பாத்ததில இருந்து என்ர மனிசி நிம்மதியா இருக்க விடுறாவில்ல. எனக்கும் ஒண்டு வேணுமாம்."

"அளவு சேர்?"

"என்ர அளவுதான்." தொண்டையைச் செருமினார். "முன்பள்ளிச் சிறுவர் தளபாடத்துக்கு வந்த ஒதுக்கீடு அப்பிடியே கிடக்கு. செலவழிக்காட்டித் திரும்பிப் போயிரும்."

"அதில பயனாளி சிறுவர் எண்டு இரிக்கு சேர்."

"வயசு போட்டிரிக்கா?"

உதயரூபன் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். வயது போடப்பட்டிருக்கவில்லை. தன் மகள் வளர்ந்து போகப்போவதும் இதே முன்பள்ளிகளில் ஒன்றுக்குத்தான் என்ற நினைவு அவருக்கு வராமலில்லை. வந்தது, கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, முறைப்படி பிழை ஒன்றும் இல்லாதபடியால், கையெழுத்து வைத்தார். பணிப்பாளரைத் தொடர்ந்து கணக்காளரும் வந்தார், அவரைத் தொடர்ந்து மற்றவர்களும்.

இப்போது கந்தப்போடியின் பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. போனவாரம் உன்னிச்சையிலிருந்து ஓர் இளம் தகப்பன் வந்து, பிறந்த பிள்ளைக்கு ஒரு தொட்டில் வேண்டும் என்று கேட்டானாம்.

"பிள்ளைக்கா? அந்த அளவுக்கு இப்ப காசு ஒதுக்கிறல்ல மனே" என்றாராம் ஓடாவி. "ஏணை கட்டு."

உதயரூபன் அன்றாடம் வேலை முடிந்து வந்து, மகளை ஏணையில் ஒருதரம் ஆட்டிவிட்டு, தன் தொட்டிலுக்குள் ஏறிப் படுக்கிறார். கொளுக்கியை மாமியார் வந்து போடுகிறார். அவர் அழுவதில்லை.