குழாய்க்குள் போன பன்றி

காலை ஆறு மணிக்குக் குழாய்க்குள் போன பன்றி, மத்தியானம் இரண்டு மணி ஆகியும் வெளியே வரவில்லை.

மதகுப் பாலத்தின் மேல் குழாய் வெளியே தெரிகிற இடத்தில் எத்திராஜ் குப்புறப் படுத்து, காதை வைத்துக் கேட்டான். இரும்பு சுட்டதே தவிர ஒன்றும் கேட்கவில்லை. காதை மாற்றி வைத்தான். அதுவும் சுட்டது.

இது நாலு கால் பன்றி அல்ல. ஒரு சின்னப் பலாப்பழ அளவுக்கு ரப்பர் உருளை, உடம்பெல்லாம் கம்பி பிரஷ். குழாயின் ஒரு முனையில் திணித்து, பின்னாலிருந்து பம்பு போட்டுத் தண்ணீரை விட்டால், உள்ளே படிந்திருக்கும் துருவையும் சேற்றையும் சுரண்டித் தள்ளிக்கொண்டே போய் மறுமுனையில் விழும். போகிற வழியெல்லாம் கீச்சு கீச்சென்று கத்துமாம். அதனால்தான் வெள்ளைக்காரன் பன்றி என்று பெயர் வைத்தான் என்று ஜூனியர் இன்ஜினியர் ஜானகிராமன் சொன்னார். மெட்ராஸிலிருந்து அதை இரவல் வாங்கி வந்தவர் அவர்தான்.

பாலாற்றுப் பம்பு ஹவுஸிலிருந்து உத்திரமேரூர் மேல்நிலைத் தொட்டி வரை பதினாலு கிலோமீட்டர். மெதுவாகப் போனாலும் நாலு மணி நேரம்தான் ஆகும்.

எத்திராஜ் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஃபிட்டர். தற்காலிகமாகவே தலை நரைத்துவிட்டது. அன்று புதன்கிழமை. ஜானகிராமன் காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்:

"திங்கக்கிழமை பெரிய ஆபீசர் வரார். அன்னிக்குப் பன்றி என் மேஜை மேல இருந்தா, உன்னைப் பர்மனெண்ட் பண்ற ஃபைல்ல கையெழுத்து வாங்கித் தரேன். தொலைஞ்சா, நீ நேரா வீட்டுக்குப் போயிடலாம்."

எத்திராஜ் சைக்கிளை மிதித்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். தொட்டிக்குக் கீழே குழாயின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வாட்ச்மேன் தாண்டவராயன் உட்கார்ந்திருந்தான்.

"வந்துச்சாப்பா?"

"இல்லியே. காலையிலேர்ந்து கண்ணு கொட்டாம குந்திக்கினு கீறேன். தண்ணிதான் வந்துச்சி."

"எழுந்து எங்கயாச்சும் போனியா?"

தாண்டவராயன் பதில் சொல்லுமுன், தொட்டியைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்த சொக்கம்மாள் குறுக்கே வந்தாள்.

"அண்ணன் டீ குடிக்கக்கூட எழுந்து போவல நைனா. நான்தான் பாத்துக்கினே இருந்தேனே."

தாண்டவராயன் அவளை நன்றியோடு பார்த்தான்.

மறுநாள் விடிந்ததும் மேல்தாங்கலிலிருந்து வேதகிரி என்பவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னாப்பா, உங்க பன்னி எங்க ஊர்ல கத்திக்கினு கீது. ராவெல்லாம் தூக்கமே இல்ல."

எத்திராஜுக்குப் போன உயிர் வந்தது. மேல்தாங்கலில் அவர் காட்டிய இடத்தில் தோண்டி, குழாயின் ஜாயின்ட்டைப் பிரித்து, பம்பு ஹவுஸுக்கு ஆள் அனுப்பிப் பம்பு போடச் சொன்னான். தண்ணீர் தள்ளுகிற தள்ளில் பன்றி வெளியே வந்து விழ வேண்டும் என்பது ஜானகிராமனின் யோசனை.

தண்ணீர் வந்தது. பனைமர உயரத்துக்குப் பீறிட்டு வந்தது. அந்த வருஷம் மழை பொய்த்து ஏரிகள் வெடித்துக் கிடந்தன. இந்தக் குழாய் மேல்தாங்கல் வழியாகப் போனதே தவிர, மேல்தாங்கலுக்கென்று ஒரு சொட்டும் கொடுத்ததில்லை. குடம், அண்டா, உப்புப் பானை, மாட்டுத்தொட்டி எல்லாம் நிரம்பின. வற்றிக் கிடந்த ஊர்க்கிணற்றுக்கும் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். சாயங்காலம் வரை பம்பு ஓடியது. பன்றி மட்டும் வரவில்லை.

"தப்பிச்சி முன்னால போயிட்ச்சி போல," என்றார் வேதகிரி, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை புங்கம்பாக்கத்திலிருந்து ராணியம்மாள் வந்தாள்.

"எங்க மாரியாத்தா கோயிலாண்ட கத்துதுப்பா. சாமி வந்தவன்கூட அப்பிடிக் கத்த மாட்டான்."

மறுபடி தோண்டினார்கள். மறுபடி தண்ணீர். எத்திராஜுக்குக் கேழ்வரகுக் கூழும் கருவாடும் வந்தன. உட்கார நிழலில் கட்டில் போட்டார்கள். அவனுக்கு இரண்டு விஷயங்கள் விசித்திரமாகப் பட்டன. ஒன்று, பெண்கள் வரிசையாக நின்று ஒருத்தியோடு ஒருத்தி சண்டை போடாமல் தண்ணீர் பிடித்தார்கள். பதினோரு வருஷத்தில் அவன் பார்க்காத காட்சி. இன்னொன்று, தண்ணீர் இளநீர் மாதிரி தெளிந்திருந்தது.

"பன்னி நடுவுல மாட்டிக்கினு கீதுன்னா, தண்ணி கலங்கலாத்தானே வரணும் சார்?" என்று ஜானகிராமனைக் கேட்டான்.

"அதையெல்லாம் யோசிக்கத்தான் நான் இருக்கேன். நீ தோண்டு," என்றார் அவர். அவர் யோசிக்கிற நிலையில் இல்லை. உத்திரமேரூர் தொட்டி வியாழக்கிழமையே காலி. காலிக் குடங்கள் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டிவிட்டன. அவர் பின்பக்கமாக வெளியே வந்து, மோட்டார் பைக்கைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தார்.

அன்று சாயங்காலமே கருவேலந்தாங்கல் ஏசுதாஸ் வந்து நின்றார். அவர் ஊரில் ஜெபக்கூட்டம் நடக்கும்போது பாட்டுக்கு நடுவில் பன்றி கத்தியதாம்.

இந்தத் தடவை எத்திராஜ் தானே ஒரு யோசனை செய்தான். பழைய லாரி டியூபையும் தேங்காய் நார்க் கயிற்றையும் சுற்றிக் கட்டி, சின்னதாக ஒரு பன்றி செய்தான். அதற்குக் குட்டி என்று பெயரும் வைத்தான்.

"குட்டிய வுட்டா பெரிசத் தள்ளிக்கினு வந்துடும் சார்."

"ரெண்டும் மாட்டிக்கிட்டா?"

"அப்ப ரெண்டுக்கும் சேத்து ஒரே தபா வூட்டுக்குப் போறேன்."

சனிக்கிழமை விடியலில் குட்டி பம்பு ஹவுஸில் உள்ளே போனது. கருவேலந்தாங்கலில் ஜாயின்ட்டைப் பிரித்துவிட்டு எத்திராஜ் மண்டி போட்டுக் காத்திருந்தான். மூன்று மணி நேரம் கழித்துக் குட்டி சீறி வந்து, ஒருவருடைய புது மண்பானையை உடைத்துக்கொண்டு சேற்றில் உருண்டது. தனியாகத்தான் வந்தது. பானைக்காரர் கோபிக்கக்கூட இல்லை. அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆக, பம்பு ஹவுஸிலிருந்து இதுவரைக்கும் குழாய்க்குள் பன்றி இல்லை. இங்கிருந்து தொட்டிக்கு நடுவில் மிச்சம் இருப்பது வெள்ளாமேடு என்கிற ஒரே ஊர். அங்கிருந்து யாரும் வந்து எதுவும் கேட்டதாகச் சொல்லவில்லை.

ஜானகிராமன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்பா. டவுன்ல என்னை உயிரோட விட மாட்டாங்க. ஜாயின்ட்டை மூடி, தொட்டிக்குத் தண்ணி விடு. பன்றி தொலைஞ்சதுக்கு நீதான் பொறுப்புன்னு எழுதிக் கொண்டு வந்து கொடு. நான் வேற என்ன பண்ணட்டும், சொல்லு."

எத்திராஜ் ஸ்பானரை எடுத்தான். ஜாயின்ட்டை மூடினான். பதினோரு வருஷத்தில் அவன் போட்ட ஜாயின்ட் ஒன்றுகூடக் கசிந்ததில்லை. இதுவும் கசியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் தொட்டிக்கு வந்து, தாண்டவராயனிடம் ஒரு தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தான். 'ஐயா' என்று எழுதினான். அதற்கு மேல் ஓடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இன்னா எழுதற நைனா?" என்றாள் சொக்கம்மாள், துடைப்பத்தை நிறுத்தி.

"பன்னி தொலைஞ்சதுக்கு நான்தான் பொறுப்புன்னு எழுதறேன். பன்னி போச்சி, வேலையும் போச்சி."

"அப்ப நாளைக்கி தோண்ட மாட்டியா?"

"இன்னாத்துக்குத் தோண்டறது? எங்க தோண்டனாலும் தண்ணிதான் வருது."

சொக்கம்மாள் திடுக்கிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவன் கையிலிருந்த பேனாவை மெல்லப் பிடுங்கினாள்.

"அவசரப்படாத நைனா, அது புதங்கெயமையே வந்து எங்க வூட்ல சாக்குல சுத்தி பத்திரமா கீது, மூணு ஊரு முறை முடிஞ்சிட்ச்சி, நாளைக்கி ஒரு நாளு எங்க வெள்ளாமேட்டு முறை, அத்த மட்டும் தோண்டி வுட்டுடு, திங்கக்கெயம காலையில உன் கையில குடுத்துடறோம்."