வாசலுக்கு வந்த சனிக்கிரகம்

சனிக்கிரகத்தைத் தோளில் சுமந்துகொண்டு குழந்தைசாமி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மற்றக் கையில் கடப்பாறை இருந்தது. காலை வழிபாடு அப்போதுதான் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க சார், இது உங்களுதுங்களா?"

அறிவியல் ஆசிரியர் சுதாகர் எட்டிப் பார்த்தார். ஆள் உயர மூங்கில், அதில் 'சனி' என்று எழுதிய பலகை, பலகைக்கு மேலே ஒரு பெரிய நார்த்தங்காய், நார்த்தங்காயைச் சுற்றி அட்டையில் வெட்டிய வளையம். அவருடையதுதான்.

"ஆமாங்க. நேத்துச் சாயங்காலம் இதையும் கடப்பாறையையும் உங்க வீட்டு முன்னாடி ரோட்டோரமா வெச்சுட்டு வந்தேன். இன்னிக்குக் குழி தோண்டி நடலாம்னு..."

"அதுக்குத்தான் எடுத்தாந்துட்டேன்" என்றார் குழந்தைசாமி. "எம் பொண்ணு பூங்குழலிக்கு நிச்சயம் வெச்சிருக்குதுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாரப்ப வாசல்ல சனி நின்னா நல்லாவா இருக்கும்?"

மூங்கிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடப்பாறையை மட்டும் சுதாகரின் கையிலேயே பத்திரமாகக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

சுதாகர் சேந்தமங்கலத்துக்காரர். கொல்லிமலைக்கு மாற்றலாகி, ஆலத்தூர் நாடு என்ற மலைக்கிராமப் பகுதியில் இருந்த அந்தச் சின்ன நடுநிலைப் பள்ளிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாவட்டத்தில் எந்தப் பள்ளி வானியலை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறதோ அதற்கு ஒரு தொலைநோக்கி தருவதாக அறிவித்திருந்தார்கள். மலையில் ராத்திரி வானம் சுத்தமாக இருக்கும். பிள்ளைகள் வெறுங்கண்ணாலேயே நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு வந்து, அவர் பதில் சொல்லத் திணறும் கேள்விகளைக் கேட்பார்கள். அந்தத் தொலைநோக்கியை எப்படியாவது மலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார்.

அவர் போட்ட திட்டம் எளிமையானது. பத்து லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டு சூரியக் குடும்பத்தையே ஊர் ரோட்டில் நிறுத்துவது. மூங்கில் சட்டத்தில் மஞ்சள் துணி சுற்றி, மார்பளவு உயரத்தில் சூரியன் பள்ளிக்கூடத்து வாசலில். இந்த அளவில் புதன் ஒரு மிளகு. வெள்ளியும் பூமியும் ஆளுக்கொரு சுண்டைக்காய். செவ்வாய் ஒரு பட்டாணி. வியாழன் பப்ளிமாஸ். சனி நார்த்தங்காய். கடைசி இரண்டும் எலுமிச்சம்பழம். நார்த்தங்காய் பள்ளியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கடைசி எலுமிச்சம்பழம் அடுத்த ஊரையும் தாண்டிப் போய்விடும். வெள்ளிக்கிழமை மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார். அதற்குள் எல்லாவற்றையும் நட்டுவிட வேண்டும்.

இப்போது சனி திரும்பி வந்துவிட்டது.

சத்துணவுக் கூடத்திலிருந்து மயிலம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார். சுவரில் சாய்ந்திருந்த மூங்கிலைப் பார்த்தார். கடப்பாறையைப் பார்த்தார். உள்ளே போனார்.

சுதாகர் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தார். அளவைக் கொஞ்சம் சுருக்கினால் சனி குழந்தைசாமி வீட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். எல்லாக் கிரகங்களும் ஒரே கணக்கில் நெருங்கி வரும், அவ்வளவுதான். மதியமே டேப்பை எடுத்துக்கொண்டு போய் மறுபடி அளந்தார்.

சனி இப்போது வேல்முருகனின் மளிகைக் கடைக்கு முன்னால் வந்தது. அதுவரை மிளகுத் தோட்டத்து வேலியோரமாக யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்த செவ்வாய், சின்னக்கண்ணு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

கடப்பாறையை ஓங்குவதற்குள் சின்னக்கண்ணு வெளியே வந்தார்.

"என்னங்க சார் நடறீங்க?"

"செவ்வாய்ங்க."

"எங்க பானுமதிக்குச் செவ்வா தோசம்னு ரெண்டு சம்பந்தம் தட்டிப் போயிருக்குதுங்க. ஜாதகத்துல இருக்கறது பத்தாதுன்னு வாசல்லயும் நடப் போறீங்களா?"

"இது வெறும் பட்டாணிங்க."

"அதைப் பொண்ணு பாக்க வாரவங்ககிட்ட யாருங்க சொல்றது?"

சுதாகர் கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு வேல்முருகன் கடைக்குப் போனார். அங்கே வேல்முருகன் கடையைப் பாதி சாத்திவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தார். செய்தி சுதாகருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"சனி வேண்டாமுங்க சார். யாவாரம் படுத்துரும்."

சுதாகர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, அறிவியல் ஆசிரியர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். "அப்ப சனியை அந்தப் பக்கம் கொண்டுபோயிடறேன். உங்களுக்கு வியாழனைத் தரேன். வியாழன்னா குருங்க. குரு பார்க்கக் கோடி நன்மை."

"பாத்தாத்தானுங்க நன்மை. குரு நின்ன எடம் பாழும்பாங்க."

பி.எட். படிப்பில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அடுத்த நாள் பூமியை நடப் போனார். பூமியைப் பற்றி யாருக்கும் பயம் இருக்க முடியாது என்று நினைத்தார். ஆனால் அந்த இடத்தில் குடியிருந்த மாணிக்கம் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார்.

"சார், எங்கண்ணனுக்கும் எனக்கும் பூமித் தகராறு கோர்ட்டுல நடந்து இப்பத்தான் ஓஞ்சிருக்குது. இங்க 'பூமி'ன்னு பலகை வெச்சீங்கன்னா, யாரு பூமி, எந்தப் பூமின்னு அவன் மறுபடி வக்கீலப் பாக்கப் போயிருவான்."

யுரேனஸ் போய்ச் சேர்ந்த இடத்தில் ராமாயி நிதானமாக விசாரித்தார். "இது நல்ல கிரகமுங்களா, கெட்ட கிரகமுங்களா?"

"ரெண்டும் இல்லீங்க அம்மா. இது ஜோசியத்துலயே கிடையாது."

"கெட்டதுன்னா ஒரு பரிகாரம் பண்ணிக்கலாம். என்னன்னே தெரியாததை எப்படிங்க சாமி வாசல்ல உட்டு வெக்கிறது?"

இதற்கிடையில் தலைமையாசிரியை பொன்னம்மாள் அவரைக் கூப்பிட்டனுப்பினார். "சார், ஆறாம் வகுப்புப் புள்ளைங்க வந்து கேக்கறாங்க. வேல்முருகன் கடை வாசல்ல சனிக்குப் பதிலா வியாழனை வெக்கப் போறீங்களாம். புத்தகத்துல அப்படி இல்லையேன்னு சொல்றாங்க."

"அது இன்னும் முடிவாகலைங்க, மேடம்."

"கிரகம் இருக்கற வரிசையா?"

சுதாகர் தலையைக் குனிந்துகொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம், இனி இந்த மூடநம்பிக்கையை நேரடியாகச் சந்தித்தே ஆகவேண்டும் என்று முடிவுசெய்து, ரோட்டோர வீட்டுக்காரர்கள் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்னார். ஒருவர் விடாமல் வந்தார்கள். மரியாதையாக உட்கார்ந்தார்கள். சுதாகர் சூரியனிலிருந்து தொடங்கினார். சூரியன் ஒரு நட்சத்திரம், பக்கத்தில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது என்றார். கிரகங்களுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரிய வெளிச்சம் பட்டுத்தான் தெரிகின்றன என்றார். சனி என்பது பெரிய வாயு உருண்டை; அதற்கு நூற்றுக்கும் மேலே நிலாக்கள் உண்டு; யாருடைய நிச்சயதார்த்தத்தைப் பற்றியும் அதற்குத் தெரியாது என்றார்.

"வளையம் பூராவும் ஐஸுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?" என்று குழந்தைசாமி கேட்டார். "செல்லுல பாத்தேன்."

"நெசந்தாங்க. ஐஸும் கல்லும்." சுதாகருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னொண்ணு சொல்றேன். சனி அவ்வளவு லேசானது. அது முழுகற அளவுக்கு ஒரு பெரிய தொட்டி கெடைச்சா, சனி தண்ணியில மிதக்கும்."



"மிதக்கற சாமானுக்கு எதுக்குங்க சார் குழி தோண்டணும்?" என்றார் வேல்முருகன்.

எல்லோரும் அதை ஆமோதித்தார்கள். சார் சொன்னதெல்லாம் ரொம்பவும் சரி என்று பாராட்டினார்கள். பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைத்தது மலைக்கே பெருமை என்றார் சின்னக்கண்ணு. பிறகு, தன் வாசலில் மட்டும் வேண்டாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து காதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை மதியம் சுதாகர் சாப்பிடவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சுருங்கத் தொடங்கிவிட்ட நார்த்தங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைநோக்கி வந்தால் சனியின் வளையத்தைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மயிலம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நட வேண்டாம் சார். ஆளுக்கொண்ணாக் கையில குடுத்துருங்க. புடிச்சுக்கிட்டு நிப்பாங்க."

"வாசல்ல வெக்கவே விடமாட்டேங்கறாங்க. கையில எப்படிங்க புடிப்பாங்க?"

"கேட்டுப் பாருங்க."

நம்பிக்கையில்லாமல்தான் போனார். முதலில் பழைய அளவுக்கே திரும்பி, வரிசையைச் சரிசெய்துகொண்டார். பிறகு குழந்தைசாமி வீட்டுக்குப் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கையில புடிச்சா மட்டும் போதுமுங்களா?" என்று குழந்தைசாமி கேட்டார்.

"போதுங்க."

"வேற ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்களே?"

"இல்லீங்க. அதிகாரியம்மா வந்தா இது சனின்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"தாராளமாப் புடிக்கிறேன். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வாரனுங்க."

சின்னக்கண்ணு செவ்வாயை உடனே வாங்கிக்கொண்டார். பானுமதியும் கூட நிற்பாள் என்றார். பழைய அளவில் தன் கடைக்கு முன்னால் ஒரு கிரகமும் வரவில்லை என்று வேல்முருகன் கோபித்துக்கொண்டார். வளையம் இருக்கிற கிரகம்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, அதற்குக் குழந்தைசாமி ஒப்புக்கொள்ளாமல், கடைசியில் வியாழனைக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. குரு நின்ற இடம் பாழ் என்பதை வேல்முருகன் மறந்தே போயிருந்தார். ராமாயி யுரேனஸை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சுதாகருக்கு நடையே மாறியிருந்தது. புதன்கிழமைப் பேச்சு உள்ளே இறங்கி, ஒரு நாள் ஊறி, வேலை செய்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அறிவியல் மெதுவாகத்தான் ஜெயிக்கும் என்று மனைவி இளமதிக்கு போன் செய்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி சுகுணா ஜீப்பில் வந்து இறங்கினார். சூரியனைச் சுற்றிப் பார்த்தார். மிளகைப் பார்த்துச் சிரித்தார். முதல் நான்கு கிரகங்களை நடந்தே பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் கையில் ஒரு காயுடனோ பழத்துடனோ நின்று அதன் வரலாற்றைச் சொன்னார். பூமி ஒன்றுதான், அது எல்லோருக்கும் பொது என்று மாணிக்கம் சொன்னபோது பக்கத்தில் அவருடைய அண்ணனும் நின்றிருந்தார்.

சனியின் முன்னால் அதிகாரி ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

"பெரியவரே, வீட்டு வாசல்ல சனியோட நிக்கறீங்க. பயமா இல்லையா?"

"வெறுங் காத்தும்மா அது" என்றார் குழந்தைசாமி. "சுத்தி ஐஸு. இதுக்கா பயப்படறது?"

அதிகாரி சுதாகரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, பிள்ளைகளுக்கு முன்னால் பேசினார். "நகரத்திலேயே வாசல்ல சனின்னா முகம் சுளிப்பாங்க. இந்த மலையில ஒரு ஆசிரியர் ஒரே வாரத்துல அந்தப் பயத்தைப் போக்கியிருக்கார். தொலைநோக்கி இந்தப் பள்ளிக்குத்தான்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். சுதாகருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது ஒரு நாளோட முடிஞ்சிடக் கூடாது" என்று அதிகாரி தொடர்ந்தார். "அடுத்த மாசமே பொக்லைன் அனுப்பச் சொல்றேன். இந்த ரோட்டோரம் முழுக்க ஆழமாத் தோண்டி, ஒவ்வொரு கிரகத்துக்கும் காங்கிரீட் தூண் நிறுத்திடலாம்."

ஜீப் கிளம்பியது. அது வளைவில் மறைந்ததும் குழந்தைசாமி நார்த்தங்காயைச் சூரியனின் காலடியில் வைத்தார்.

"ஆயிரந்தான் சொல்லுங்க சார், சனி சனிதானுங்க."

பட்டாணி திரும்பி வந்தது. பப்ளிமாஸும் சுண்டைக்காய்களும் இரண்டு எலுமிச்சம்பழங்களும் வந்தன. செவ்வாய் தோஷம் சும்மா விடாது என்றார் சின்னக்கண்ணு. குரு நின்ற இடம் பாழ் என்பது வேல்முருகனுக்கு மறுபடி ஞாபகம் வந்திருந்தது. மாணிக்கத்தின் அண்ணன் வக்கீலின் நம்பரைத் தேடிக்கொண்டே வெளியே போனார். ஐந்து நிமிஷத்தில் மைதானம் காலியாகிவிட்டது.

சுதாகர் பழக் குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார். மயிலம்மாள் வந்து, சாம்பாருக்குச் சுண்டைக்காய்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

"இவ்வளவு சொல்லியும் இவங்களுக்கு இந்தச் சனி பயம் போகலையேங்க" என்றார் சுதாகர்.

மயிலம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "சனிக்கு யாருங்க சார் பயந்தாங்க? ரோட்டோரம் பூரா மண்ணுக்கடியில ஊட்டுக்கு ஊடு திருட்டுத் தண்ணிக் கொழாய் போவுது, நீங்க கடப்பாறையத் தூக்கிக்கிட்டு வந்தீங்க."