பத்து செக்கனில் திரைக்கு வந்த பிரகலாதன்

வாழ்க்கையில் ஒரு நாளாவது மனைவியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இரண்டு மட்டன் றோல்ஸ் சாப்பிடுவது என்று பிரகலாதன் முடிவெடுத்தார். வல்வெட்டித்துறையில் வலையும் கயிறும் விற்கிற மனிதர். எடுத்த முடிவு இலேசில் அறாது.

நான்கு மாதத்துக்கு முன் அவருக்கு இருதய ஒப்பரேசன் நடந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் தைத்தார்கள். வீட்டில் இராசமலர் வாயைத் தைத்துவிட்டாள். இறைச்சி இல்லை. பொரியல் இல்லை. காலையில் குரக்கன் பிட்டு, இரவில் குரக்கன் ரொட்டி. இன்னும் ஒரு மாதம் போனால் தலையில் குரக்கன் கதிர் வைத்துவிடும் என்று அவர் பயந்தார்.

இரத்தம் கொடுத்தவர்களுக்கும் ஓடித் திரிந்தவர்களுக்கும் நன்றி சொல்ல, நெல்லியடியில் ஒரு மண்டபம் எடுத்து மத்தியானச் சாப்பாடு கொடுப்போம் என்றாள் இராசமலர். சாப்பாட்டுப் பட்டியலில் மட்டன் றோல்ஸ் இருந்தது. பழுது பார்த்த நெஞ்சு ஒரு துடிப்புக் கூடத் துடித்தது.

"இஞ்சேரும், சாப்பாடு மட்டும் காணுமே? ஒரு பெரிய திரை போடுவம். வாற ஆக்கள் போனிலை படம் எடுத்து அனுப்ப, பத்து செக்கனிலை திரையிலை வரும்."

"உந்த யோசனை எங்கையிருந்தப்பா வந்தது?"

"நன்றியுள்ள மனிசனுக்கு யோசனை தானா வரும்."

உண்மை வேறு. திரை மண்டபத்தின் முன்னுக்கு, குசினி பின்னுக்கு. முன்னுக்குப் பார்க்கிற மனைவிக்குப் பின்னுக்கு நடப்பது தெரியாது.

"நல்ல யோசனை," என்றாள் இராசமலர். இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்ட அன்றே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போனைக் காட்டிப் படம் அனுப்புவதற்கான கியூஆர் கட்டக் குறியீட்டை மகள் வித்தியா கடதாசியில் அச்சடித்து வந்தாள். பிரகலாதன் தாமே முப்பது மேசையிலும் ஒட்டினார். குறியீட்டின் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. மூக்குக்கண்ணாடி வீட்டில்.

"உதிலை என்ன பிள்ளை எழுதியிருக்கு?"

"படம் எடுத்து அனுப்புங்கோ எண்டுதான் அப்பா."

விருந்து தொடங்கியது. திரையில் குழந்தைகள், பட்டுச் சேலைகள், பல்லில்லாத சிரிப்புகள். இராசமலர் முன்வரிசையில் இருந்து கைதட்டினாள். பிரகலாதன் மெல்லப் பின்வாங்கினார். குசினி மேசையில் இருந்த றோல்ஸ் தட்டில் ஆவி பறந்தது. கையை வைத்தார்.

மண்டபமே சிரித்தது. எட்டிப் பார்த்தார். திரையில் அவருடைய முதுகு, தட்டில் அவருடைய கை.

றோல்ஸை வைத்துவிட்டு, பாயாசக் கோப்பையோடு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். மறுபடியும் சிரிப்பு. திரையில் தூண், தூணுக்குப் பக்கத்தில் அரை வயிறு, ஒரு கோப்பை. தூணிலும் இருப்பார் துரும்பிலும் இருப்பார் என்று அந்தப் பிரகலாதன் சொன்னது கடவுளை. இந்தப் பிரகலாதனுக்குத் தூணுக்குத் தூண் போன் இருந்தது.

"என்ன யாகோப்பு அண்ணை, எல்லாரும் என்னையே எடுக்கினம்?"

பக்கத்து வீட்டு யாகோப்புத்தான் அன்றைக்குத் தன் ஓட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடியவர். அவர் மேசைக் கடதாசியைச் சத்தமாக வாசித்தார்: "பிரகலாதன் களவாய்ச் சாப்பிடுறதைப் படம் எடுத்து அனுப்புங்கோ. நல்ல படத்துக்கு இராசமலரின்ரை பரிசு உண்டு."

"உதை ஆர் ஒட்டினது?"

"நீதானே தம்பி ஒட்டினாய்."

வலை விற்கிற மனிதர், தன் கையாலேயே முப்பது வலை விரித்திருக்கிறார்.

பிரகலாதன் திரையை நிமிர்ந்து பார்த்தார். யாகோப்பு அனுப்பிய ஒரு பழைய படம் திரையில் வந்திருந்தது. ஆஸ்பத்திரியின் நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பதினொரு பேர், ஒவ்வொருவர் கையிலும் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. வாங்கு நுனியில் இராசமலர், சுவரில் தலை சாய்த்து இருந்தபடியே நித்திரை. ஒரு காலில் அவளுடைய செருப்பு, மற்றக் காலில் அவருடையது. அவசரத்தில் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். அவர் இதைக் கண்டதே இல்லை. அந்த நேரம் மயக்கத்தில் கிடந்தார்.

பிரகலாதன் நேரே போய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எனக்குக் கதைக்கத் தெரியாது. என்ரை உடம்பிலை ஓடுறது உங்கடை பதினொரு பேரின்ரை இரத்தம். உங்களுக்குக் கோடி புண்ணியம். பிறகு... உந்த மனிசி. முப்பது வருசத்திலை ஒருநாளும் நான் இவவுக்கு நன்றி சொன்னதில்லை. மலர், நீர் இல்லையெண்டால் நானும் இல்லை."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இராசமலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எழுந்து உள்ளே போனாள். ஒரு றோல்ஸோடு திரும்பி வந்தாள்.

"ஆவெண்டுங்கோ."

பிரகலாதன் கண்ணை மூடி வாயைத் திறந்தார். மிளகு மணம் மூக்குக்கு வந்தது. கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. வேறொன்றும் வாய்க்கு வரவில்லை.

கண்ணைத் திறந்தார். திரையில் மனைவி கணவனுக்கு ஊட்டும் அழகான படம். பக்கத்தில் யாகோப்பின் வாயில் அந்த றோல்ஸ்.

"உங்களுக்குப் படம் காணுமப்பா," என்றாள் இராசமலர். "நல்ல படத்துக்குப் பரிசு அண்ணைக்கு."