அக்கா பார்த்த மரம்

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி தலைகுனிந்து எழுதிக்கொண்டது. தலைகுனிவு மரியாதைக்காக மட்டுமல்ல, காரணம் கீழே வரும். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தையும், அத்தானின் சுகத்தையும், அத்தானுடைய முழங்காலின் சுகத்தையும் தனித்தனியே அறிய ஆவல்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கொல்லையில் பாசிமேல் குப்புறப் படுத்து ஒரு நத்தையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் இப்போது என்னிடம் இல்லை. தொலையவில்லை, வீட்டில்தான் இருக்கிறது, என் கைக்குத்தான் வருவதில்லை. அந்தக் கதையும் வரும். நீ அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னாயே, "அந்த மரம் நிக்கிற மண்ணுல என் பங்கும் இருக்கு, ஒரு சட்டி சிமெண்ட் விழுந்தாலும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று, அதற்குக் கோடி நன்றி. நீயும் அத்தானும் அடுத்த மாதம் வந்து அதன் அடியில் நாற்காலி போட்டு உட்காரப் போவதாகச் சொன்னதும் பெரிய மகிழ்ச்சி. மரத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். கொல்லை எப்படித் தப்பியது என்பதை முதலில் கேள்.

உனக்குத்தான் தெரியுமே, நான் பிழைப்புக்கு எலும்பைப் படம் எடுக்கிறவன். எக்ஸ்ரே அறையில் சேர்ந்த நாள் முதல் ஒரே பாட்டு: "நகை, சாவி, சில்லறை எல்லாம் எடுத்து வைங்க. மூச்சை இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க. ஆச்சு." தூக்கத்தில்கூட இதைச் சொல்கிறேன் என்றும், பக்கத்தில் படுத்திருக்கிற தானும் பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பதாகவும் என் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இத்தனை காலத்தில் எத்தனையோ பேருடைய உள்ளே பார்த்துவிட்டேன், வெளியே ஒருவர் முகமும் நினைவில் நிற்பதில்லை. கடைத்தெருவில் யாராவது "நல்லா இருக்கீங்களா சார்" என்றால் திருதிருவென்று முழிப்பேன். அவர் இடது தோளைத் தூக்கிக்கொண்டு நடந்து போகும்போதுதான், அடடே, நம்ம கழுத்தெலும்பு, என்று அடையாளம் தெரியும்.

அப்படிப்பட்டவனுக்குப் படப் பைத்தியம் பிடித்தது ஒரு ஒழுகுகிற குழாயால். கொல்லைக் குழாய் சொட்டுகிறது என்று பிளம்பரிடம் சொன்னால், "போட்டோ எடுத்து அனுப்புங்க சார், பாத்துட்டு வரேன்" என்றார். அனுப்பினேன். அவர் பார்த்தார், வரவில்லை, அது வேறு விஷயம். அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாயின் வாயில் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்த சொட்டுக்குள் நம் கொல்லை முழுவதும் தலைகீழாக இருந்தது. மதில், துணிக்கொடி, துவைக்கிற கல், ஓரத்தில் எறும்பளவுக்கு வயிறு முன்தள்ளிய ஒரு ஆள். அந்த ஆள் நான்தான். தினமும் பல் தேய்த்துக் கொப்பளிக்கிற இடத்தை அவ்வளவு அழகாக நான் அதுவரை பார்த்ததில்லை. தலைகீழாகப் பார்க்கையில் தொப்பை கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அன்றிலிருந்து குழாயைப் பழுதுபார்க்க நான் விடவில்லை. அடுத்தது பாசி. நாம் தேய்த்துத் தள்ளுகிற அந்தப் பச்சைச் சனியன், மூக்கை வைத்துப் பார்த்தால் ஒரு காடு, அக்கா. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு தொப்பி. தொப்பி கழலும் வரை தேய்க்காதே என்று வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டேன். தொப்பி கழலுவதற்குள் அவள் கால் வழுக்கி, அலசிய துணித் தொட்டியோடு அந்தக் காட்டின் நடுவே உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை, ஆனால் துணி முழுவதும் பச்சை. "காடு பாத்தாச்சா? இப்ப இந்தத் துணியையும் கொஞ்சம் மூக்கை வச்சுப் பாருங்க" என்றாள். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது அதற்கு மறுவாரம். மழை விட்ட காலை, சாக்கடை மூடிமேல் நத்தை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. நான் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, அது கொம்பை நீட்டும் வரை காத்திருந்தேன். கை ஆடினால் படம் கலங்கிவிடுமே என்று மூச்சையும் அடக்கிக்கொண்டேன், தொழில் பழக்கம். பக்கத்து வீட்டு மாடி ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டிருக்கிற டெய்லரம்மா ஒரு ஜாக்கெட் தைத்து முடிக்கிற வரைக்கும் என்னைப் பார்த்திருக்கிறார். "கூப்பிட்டேன், திரும்பல. முதுகு ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. நான் என்னன்னு நினைக்கிறது?" என்று பிறகு நியாயம் கேட்டார். நியாயந்தான். வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்ததால் ஆம்புலன்ஸுக்கு அவரே போன் செய்துவிட்டார். வந்தது எங்கள் ஆஸ்பத்திரி வண்டியே. ஓட்டி வந்தவர் நாங்கள் 'ஹாரன்' என்று கூப்பிடுகிற டிரைவர். காலியான தெருவிலும் அடித்துக்கொண்டே வருவார். சத்தத்தில் நத்தை கொம்பை இழுத்துக்கொண்டது. "சார், எந்திரிக்காதீங்க, அப்படியே இருங்க" என்று ஓடி வந்தார். "யோவ், நத்தைய மிதிச்சிடாதய்யா" என்றேன். "நத்தை நத்தைன்னு பெனாத்துறாரு, சீக்கிரம் தூக்குங்க" என்று மாடியிலிருந்து டெய்லரம்மா உத்தரவு போட, தூக்கிவிட்டார்கள். வாசலில் வீட்டுக்காரி எதிரே வந்தாள். ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பிறகு என் கையிலிருந்த போனையும் அதிலிருந்த நத்தையையும் அவள் பார்த்தாள். போன ரத்தமெல்லாம் திரும்பி வந்தது, கூடவே கொஞ்சம் அதிகமாகவும்.

ஆஸ்பத்திரியில் நான் எவ்வளவு சொல்லியும், "வந்தது வந்துட்டீங்க, நெஞ்சை ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் டாக்டர். என்கூட வேலை பார்க்கிறவர் எனக்கே என் பாட்டைப் பாடினார். முதல் வரியைப் பாடவில்லை, சாருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார். "மூச்சை அடக்குங்க சார்" என்றார். "அதைச் செஞ்சுதான்யா இங்க வந்திருக்கேன்" என்றேன். டாக்டர் படத்தைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார், பிறகு நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். இதைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே நான் கண்டுபிடிச்சுட்டேன் என்றாள் கூடவே வண்டியில் வந்த வீட்டுக்காரி.

அன்று சாயங்காலமே கொத்தனாருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். மதில் முதல் மதில் வரை சிமெண்ட். துணி காயும், கால் வழுக்காது, புருஷன் படுக்கமாட்டான். மூன்று காரணமும் சரியானவை. மறுநாளே பின்வாசலில் மணல் வந்து இறங்கியது. என்னிடம் இருந்தது ஒரே பிடி: வீட்டில் பாதி உன்னுடையது, நீ சரி என்று சொல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. அது அவளுக்கும் தெரியும். "அண்ணி கண்ணால பாக்கட்டும், நாம எப்படிக் குடித்தனம் பண்றோம்னு" என்று என் போனை வாங்கிக்கொண்டு கொல்லையில் இறங்கினாள். அவளுடைய போனுக்குப் பேச மட்டும்தான் தெரியும். உடைந்த வாளி, சாக்கடை மூடி, துருப்பிடித்த துணிக்கிளிப், மதில் வெடிப்பு, எதையும் விடவில்லை. குற்றம் நடந்த இடத்தைப் போலீஸ்காரர் படம் எடுக்கிற மாதிரி நேராக, கிட்டே நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்தாள். "இதுதான் ஆதாரம், எல்லாத்தையும் அனுப்புங்க" என்றாள். நானும் எல்லாவற்றையும் அனுப்பினேன். இடையிடையே என் நத்தையும் பாசியும் போனால் உன் மனது கொஞ்சம் இளகுமே என்று ஒரு நப்பாசை. அந்த வாரம் போனில் இருந்த அத்தனை படங்களையும் ஒரே கொத்தாக அள்ளி உனக்குத் தள்ளிவிட்டேன்.

நீ கூப்பிட்டபோது எல்லோரும் கேட்கட்டும் என்று அவள்தான் ஸ்பீக்கரில் போட்டாள். "டேய், ஒரு வாளிக்குள்ள வானத்தையே பிடிச்சு வச்சிருக்கே, கைப்பிடில தும்பி வேற உக்காந்திருக்கு. யாருடா எடுத்தது?" என்றாய். வீட்டுக்காரி போனுக்குக் கிட்டே குனிந்தாள். "நான்தான் அண்ணி. அழுக்கு தெரியணும்னு எடுத்தேன்" என்றாள். "அழுக்கா? எங்க இருக்கு?" என்றாய். அவள் போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீ பாட்டுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாய்: சாக்கடை மூடிமேல் வெள்ளிச் சரிகை இழுத்தாற்போல நத்தை போன தடம், துணிக்கிளிப்புக்குள் குடியிருக்கிற குட்டிச் சிலந்தி, வெடிப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற ஒற்றை இலை. எல்லாம் அவள் எடுத்தவை. நான் உயிரைக் கொடுத்து எடுத்த நத்தையைப் பார்த்து, "இது என்னடா, கூழாங்கல்லா?" என்றாய். பரவாயில்லை. பிறகுதான் மரத்துக்கு வந்தாய். "எல்லாத்துலயும் அந்த மரந்தான்டா அழகு. ராத்திரில, இலையெல்லாம் உதிர்ந்து, வெள்ளை வெளேர்னு கிளை, பின்னால நிலா. அடிமரம் லேசா சாஞ்சிருக்கு பாரு, ஒரு முட்டுக் கொடுத்து வை. இது எப்படா வளந்துச்சு?" என்றாய். "வளந்துடுச்சுக்கா" என்றேன். உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

"எந்த மரத்தைச் சொல்றாங்க?" என்று வீட்டுக்காரி கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். என் முழங்காலுக்கு ஒரு எலுமிச்சைச் செடி இருக்கிறது, வைத்த நாளிலிருந்து அதே உயரம். "இதுவாத்தான் இருக்கும். ராத்திரி கீழே படுத்துக்கிட்டு எடுத்திருப்பீங்க" என்று அவளே முடிவுகட்டினாள். நான் மறுக்கவில்லை. மறுநாள் வந்த கொத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "மரமா? இது நிழல்ல ஒரு எறும்பு நிக்கலாம், அதுவும் தனியா வந்தா" என்றார். "அண்ணி மரம்னா மரந்தான்" என்று அவரை அனுப்பிவிட்டு, ஒரு குச்சியை நட்டு அதற்கு முட்டும் கொடுத்துவிட்டாள். தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். அது மிரண்டுபோய் ஒரு புது இலைகூட விட்டிருக்கிறது.

உனக்கு அனுப்ப இன்னும் ஒரே ஒரு ஆதாரம் எடுக்கணும் என்று மறுநாள் காலை போனை வாங்கியவள்தான், இன்றுவரை திருப்பித் தரவில்லை. இப்போதும் ஆதாரம் என்றுதான் சொல்கிறாள். அழகு என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தால் நான் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமாம். நேற்று நான் கொல்லைக் கதவைத் திறந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள் திரும்பாமலே, "ஏங்க, அசையாதீங்க, போயிடும்" என்றாள். நான் நின்ற இடத்திலேயே மூச்சை அடக்கிக்கொண்டேன். மாடியிலிருந்து டெய்லரம்மா, "கொடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு மஞ்சளா உக்காந்திருக்கு பாருங்க" என்று தகவல் கொடுக்கிறார். கொத்தனார் மணலைத் திரும்ப எடுக்க ஆளோடு வந்தார். அதில் குழியானைப் பூச்சி புனல் புனலாகக் குழி பறித்து உள்ளே பதுங்கியிருக்கிறது. "இருங்க, அதுக்குள்ள ஆள் இருக்கு" என்று வீட்டுக்காரி தடுத்துவிட்டாள். அவர் மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுக்கும் நீங்க ரெண்டு பேருமே ஒரு படம் எடுத்துக்குங்க சார், தலையை, என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, கொல்லை பிழைத்தது உன் ஒரு வார்த்தையால். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சுக்கும் அசைவுக்கும் குறைவில்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: மரத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கொல்லையில் மரம் கிடையாது, அக்கா. நீ பார்த்தது என் நெஞ்சு. ஆம்புலன்ஸில் போன அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் மாட்டியிருந்தார்கள். ஊர் எலும்பையெல்லாம் பார்த்தவன் என்னுடையதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை, எனவே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அந்தக் கொத்தோடு அதுவும் உன்னிடம் வந்துவிட்டது. நீ கூப்பிட்ட அன்று இரவே, வீட்டுக்காரி கண்ணில் படுமுன், என் போனிலிருந்து அதை அழித்துவிட்டேன். கிளைகள் என் விலா எலும்பு. சாய்ந்த அடிமரம் என் முதுகு, அதற்கு எந்தக் குச்சியும் முட்டாகாது. வந்தால் எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, மரம் படத்தில் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது என்று மட்டும் சொல்லிவிடு, தீர்ப்பை மாற்றிவிடாதே. அந்த நிலா, சட்டைப் பையிலிருந்து நான் எடுத்து வைக்க மறந்த சில்லறை.