மாப்பிள்ளை மாட்டிய பிரேக்

இனி அந்தப் பயிற்சிப் பட்டறைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று நம்மாள் முடிவு கட்டிவிட்டார். அதை மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி. அதற்குத் தைரியம் வரவில்லை. ஆகவே முடிவு வயிற்றுக்குள்ளேயே கிடந்து புரண்டது.

செருப்புக் கடையில் பல வருஷம் அடுத்தவர் காலைப் பிடித்தே பிழைத்தவர். கடையை மூடிவிட்டார்கள். "உங்க கைக்கு ஸ்பேனர் நல்லாப் பொருந்தும்" என்று சொல்லி, மனைவி கார் மெக்கானிக் பயிற்சியில் சேர்த்துவிட்டாள். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் அப்போதுதான் மீசை முளைத்துக்கொண்டிருந்தது. முதல் நாளே இவருக்குச் 'சித்தப்பா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு எதைக் கண்டாலும் பயம். லிஃப்டில் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் நிற்கப் பயம். பேட்டரியைத் தொடப் பயம். யாராவது டயருக்குக் காற்றடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

எல்லாவற்றுக்கும் மேல் பிரேக். செய்முறைத் தேர்வில் புது பிரேக் பேடு மாட்டினார். அழகாகத்தான் மாட்டினார். மாட்டியதும் பெடலை நாலைந்து தரம் அழுத்தி மிதித்துவிட வேண்டும். அப்போதுதான் பேடு நகர்ந்து போய்ச் சக்கரத்துத் தட்டைப் பிடிக்கும். அதை மறந்துவிட்டார். மாஸ்டர் ஏறி வண்டியை நகர்த்தினார், பிரேக்கை மிதித்தார், பெடல் தரையைத் தொட்டது. வண்டி போய்ப் பழைய டயர் அடுக்கில் முட்டி நின்றது. உச்சியிலிருந்த டயர் ஒன்று உருண்டு வந்து மாஸ்டரின் டீயைக் கவிழ்த்தது.

"சித்தப்பா, நாளைக்கு ஒரு குடும்பமே நம்ம பிரேக்கை நம்பித்தான் ரோட்டுல போகும்" என்றார் மாஸ்டர். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டில் வந்து "பாஸ்" என்று சொல்லிவைத்தார். அங்கேதான் வந்தது வினை.

"அப்படின்னா நம்ம வண்டிக்கும் நீங்களே பிரேக் பேடு மாத்திடுங்க. மிதிச்சாலே கீச்சுகீச்சுங்குது. ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகணும்."

"வெளியில குடுத்துடலாமேம்மா?"

"வீட்டுலயே மெக்கானிக்கை வச்சுக்கிட்டா?"

"எனக்கு... இடுப்பு வலி."

"உட்கார்ந்து மாத்துங்க. ஸ்டூல் போடறேன்."

போட்டாள். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டினார். ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கினார், சந்தேகப்பட்டார், மறுபடி முடுக்கினார். மைத்துனர் வீட்டுக்குப் போகும் வழியில் செங்குத்தாக ஓர் இறக்கம். அது முடியும் இடத்தில் சந்தை. மனைவி, மாமியார், சந்தையில் நிற்கும் ஊர்பேர் தெரியாத ஜனங்கள், எல்லோருடைய உயிரும் தன் ஸ்பேனர் முனையில் தொங்குவதாகத் தோன்றியது.

ஞாயிறு காலை, எல்லோரும் கிளம்புவதற்குள் நைசாகப் போய்ப் பெடலை அழுத்திப் பார்த்தார். கட்டையாக நின்றது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். அடுத்த மூச்சுக்குள் வியர்த்துவிட்டது. நேற்றும் மிதிக்க மறந்தோமே! மிதிக்காமலே பெடல் கட்டையாக நின்றால் வேறேதோ பெரிய கோளாறு என்றல்லவா அர்த்தம்? தான் செய்த வேலை சரியாக இருக்கும் என்ற எண்ணம் மட்டும் அவர் புத்தியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. வண்டியே கிளம்பக் கூடாது. பானெட்டைத் தூக்கினார். பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயை, தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத கறுப்புப் பெட்டி அது, பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அத்தனை மாதம் படித்ததில் உருப்படியாகப் பயன்பட்டது இது ஒன்றுதான்.

மாமியார் பின்சீட்டில் ஏறினார். "மாப்பிள்ளை, வண்டி நிக்குமில்ல?"

"கிளம்பினாத்தானே அத்தை நிக்கணும்" என்று முணுமுணுத்தபடி இவர் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

மனைவி சாவியைத் திருப்பினாள். இஞ்சின் இழுத்தது, இழுத்தது, பிடிக்கவில்லை.

"அடடா! பம்பு போயிடுச்சு போலிருக்கே! சரி, பஸ்ல போயிடலாம்" என்றார் நம்மாள். குரலில் இருந்த குதூகலத்தை அடக்க அவருக்குத் தெரியவில்லை.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். இறங்கினாள். பானெட்டைத் தூக்கினாள், மூடினாள். வந்து சாவியைத் திருப்பியதும் இஞ்சின் சமர்த்தாகப் பிடித்துக்கொண்டது.

"எ... எப்படி?"

"பம்பு ரிலே இருந்த இடம் காலி. ஹார்னுக்கும் அதே மாதிரி ரிலேதாங்க. அதைப் பிடுங்கி இதுல மாட்டினேன்."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"தினமும் உங்களைப் பாடம் ஒப்பிக்கச் சொன்னது யாரு? படிச்சது நீங்க. ஞாபகம் இருக்கிறது எனக்கு."

வண்டி இறக்கத்தின் தலைக்கு வந்தது. கீழே சந்தையின் கூரைகள் தெரிந்தன. நம்மாளின் உள்ளங்கால் கூசியது. இல்லாத பெடலை இரண்டு காலாலும் மிதித்தார்.

"நிறுத்து! ஐயோ, நான் பாஸ் இல்ல! பெயிலு! பிரேக்குலதான் பெயிலு!"

"தெரியும். அன்னிக்கே மாஸ்டர் போன் பண்ணிட்டார். 'சுத்தமான வேலைம்மா, பெடலை மிதிக்க மட்டும் மறந்துடறார்'னார். நேத்து நீங்க கை கழுவப் போனப்ப நான் மிதிச்சு வச்சேன்."

சொல்லிக்கொண்டே பிரேக்கைத் தொட்டாள். வண்டி இறக்கத்தின் நடுவில் நின்றது. கீச்சென்றுகூடச் சத்தமில்லை.

"இது... நான் போட்ட பிரேக்கா?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க போட்டதுதான். நாளைக்கு மறு தேர்வு. நானே கொண்டுபோய் விடறேன், இதே வண்டியில."

பட்டறைக்கே போவதில்லை என்ற முடிவு வயிற்றுக்குள்ளேயே செத்தது. அதற்கு அழக்கூட நேரமில்லை. வண்டி கீழே இறங்கியதும் சந்தைக் கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மனைவி ஹார்னை அமுக்கினாள். சத்தமே இல்லை.

"ஐயோ! ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" என்று நம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அலறினார். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து ரிலேயை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா, தப்புதான்! முதல்ல இதை மாட்டு!"

"அது பையிலயே இருக்கட்டுங்க" என்றாள் மனைவி, "இந்த ஹார்னே எடுப்பா இருக்கு."

பின்சீட்டிலிருந்து மாமியார் அவர் தோளைத் தட்டினார்.

"மாப்பிள்ளை, அதோ ஒரு தள்ளுவண்டி!"

நம்மாள் வாயைத் திறந்தார். மைத்துனர் வீடு வரை மூடவில்லை.